ஈரானின் 440 கிலோ: குண்டா, ஒப்பந்தமா?

2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கத் தொடங்கிய நேரத்தில், 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் ஈரானிடம் 440.9 கிலோ இருந்ததாக சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கு சொல்கிறது. அதில் சுமார் 42 கிலோவை எடுத்து இன்னும் கொஞ்சம் செறிவூட்டினால் ஒரு குண்டுக்கு ஆகும் என்பது முகமை வைத்திருக்கும் அளவுகோல். ஆக, பத்துக் குண்டுக்கான சரக்கு. ஜூன் 24 அன்று சண்டை ஓய்ந்தபோது ஈரானின் அணுநிலையங்களான ஃபோர்தோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் மூன்றும் கடுமையாகச் சேதமாகியிருந்தன. ஆனால் அந்தச் சரக்கு எங்கே இருக்கிறது, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று நேரில் பார்த்துச் சொல்ல முகமையின் ஆய்வாளர் ஒருவர்கூட அங்கே போக முடியவில்லை.

அணு ஆயுதப் பரவலைத் தடுக்கத் தாக்குவதா, பேசுவதா என்ற விவாதத்தில் எல்லோரும் கேட்பது, எந்த வழி அதிக ஆண்டுகள் தள்ளிப்போடும் என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு முன்னால் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: காரியம் முடிந்த மறுநாள், அணுப்பொருள் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியுமா? இதையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது இரு வழிகளைப் பற்றிய வழக்கமான மதிப்பீடு பல இடங்களில் புரண்டுபோகிறது. 2025 செப்டம்பர் வரையான நிகழ்வுகளை வைத்து இங்கே ஒப்பிடுகிறோம்.

முதலில் 60 சதவீதம் என்றால் என்ன?

இயற்கையாகக் கிடைக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களுக்கு ஏழுதான் யுரேனியம்-235. மற்றதெல்லாம் 238. செறிவூட்டுவது என்றால் 238ஐக் கழித்துக்கொண்டே போவது. ஆயிரத்தில் 800ஐக் கழித்தால் மிஞ்சும் 200இல் 7, அதாவது 3.5 சதவீதம், மின் உலைக்கு இது போதும். மேலும் 165ஐக் கழித்தால் 35இல் 7, அதாவது 20 சதவீதம். இன்னும் 27 போனால் எட்டில் ஏழு; அது குண்டுத் தரம். 60 சதவீதம் என்பது இந்தக் கணக்கில் ஏறக்குறைய 12இல் 7. மொத்தம் 992 அணுக்களைக் கழிக்க வேண்டிய இடத்தில் 988 ஏற்கெனவே போய்விட்டன, மிச்சம் நான்கு. நடைமுறையில் 235இலும் ஒரு பகுதி கழிவோடு போய்விடும் என்பதால் எண்கள் இவ்வளவு சுத்தமாக வராது. விகிதம் ஏறத்தாழ இதுதான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. இயற்கை யுரேனியத்திலிருந்து தொடங்குகிற நாட்டுக்கு, யுரேனியத்தை அதிவேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் மையவிலக்கு இயந்திரங்கள் பல ஆயிரமும், அவை நிற்கப் பெரிய கூடமும், கண்ணுக்குத் தெரியும் மின் இணைப்பும் வேண்டும். 60 சதவீதத்தில் நிற்கிற நாட்டுக்குச் சில நூறு நவீன இயந்திரங்களும் ஒரு சிறிய நிலவறையும் போதும். முதல் நிலையில் தாக்குதலுக்குப் பெரிய இலக்கு இருக்கிறது. இரண்டாவது நிலையில் இலக்கு சுருங்கி, தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாகிவிடுகிறது. ஆகவே ‘முதலில் பேசிப் பார்ப்போம், முடியாவிட்டால் தாக்குவோம்’ என்கிற வரிசை சொல்லும்போது நியாயமாகத் தோன்றினாலும், பேச்சு முறிந்த பிறகு எதிரி எந்தப் படியில் நிற்கிறான் என்பதைப் பொறுத்துத் தாக்குதலின் பயன் மாறிவிடும்.

தாக்குதலின் பதிவு

மூன்று நிகழ்வுகளைப் பார்க்கலாம். மூன்றின் முடிவும் மூன்று விதம்.

1981 ஜூன் 7. பாக்தாத் அருகே துவைத்தாவில் பிரான்ஸ் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த 40 மெகாவாட் ஆய்வு உலையை, ஒசிராக்கை, இஸ்ரேலின் எட்டு எஃப்-16 விமானங்கள் தகர்த்தன. பறக்கும் கலையாகப் பார்த்தால் அபாரம். அணுப்பரவல் தடுப்பாகப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. ஈராக் அப்போது அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இருந்தது; உலைக்கு முகமையின் மேற்பார்வையும் பிரெஞ்சுப் பொறியாளர்களின் கண்ணும் உண்டு. உலை போனபின் சதாம் உசைன் திட்டத்தைக் கைவிடவில்லை, தலைமறைவாக்கினார். உலையில் எரிந்த எரிபொருளிலிருந்து பிரித்தெடுக்கும் புளுட்டோனியத்தின் பாதையை விட்டு, பெரிய மின்காந்தங்களால் யுரேனியத்தைப் பிரிக்கும் கலுட்ரான் முறைக்கும் பிறகு மையவிலக்குக்கும் மாறினார். சில நூறு பேர் வேலை செய்த திட்டத்தில் பல ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். 1991 போர் முடிந்து ஆய்வாளர்கள் உள்ளே போகும் வரை கலுட்ரான்கள் பற்றி வெளியுலகத்துக்குத் தெரியாது.

அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. ஒசிராக்குக்காக பிரான்ஸ் ஏற்கெனவே அனுப்பியிருந்த 12 கிலோவுக்கு மேற்பட்ட உயர்செறிவு யுரேனியம் குண்டுவீச்சில் அழியவில்லை. 1990இல் குவைத்தைப் பிடித்த பிறகு, அதையே எடுத்து அவசரமாக ஒரு குண்டு செய்ய ஈராக் முயன்றது. கட்டடம் போனது, பொருள் தங்கியது. அந்தப் பொருளைக் கடைசியில் ஈராக்கிலிருந்து அப்புறப்படுத்தியது விமானம் அல்ல, போருக்குப் பிந்தைய ஆய்வுக்குழு. வான்போர் தவறவிட்ட அல்-அதீர் ஆயுத வடிவமைப்பு மையத்தை 1992இல் வெடிவைத்துத் தகர்த்ததும் அவர்கள் மேற்பார்வையில்தான். (அந்த ஆய்வுக்குழு உள்ளே போக முடிந்ததே ஈராக் போரில் தோற்றதால்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆய்வுக்கு உத்தரவிட்ட ஐ.நா. பாதுகாப்பு சபையின் 687ஆம் தீர்மானம் தோற்ற நாட்டின் மேல் திணிக்கப்பட்டது.)

2007 செப்டம்பர் 6. சிரியாவின் தெய்ர் எஸ்-ஸோர் பகுதியில் அல்-கிபார். வட கொரிய உதவியோடு ரகசியமாக எழும்பிக்கொண்டிருந்த உலை என்பது அமெரிக்க, இஸ்ரேலிய உளவின் முடிவு. மிகப் பெரும்பாலும் உலைதான் என்று 2011இல் முகமையும் சொன்னது. ராஜதந்திர வழியில் போகலாம் என்பது அப்போதைய அமெரிக்க அதிபர் புஷ்ஷின் விருப்பம். இஸ்ரேலியப் பிரதமர் ஓல்மெர்ட் காத்திருக்கவில்லை. ஒரே இரவில் காரியம் முடிந்தது. சிரியா அதன்பின் உலை கட்டவில்லை. சில ஆண்டுகளில் அந்த வட்டாரமே ஐஎஸ் அமைப்பின் கைக்குப் போனதை நினைத்துப் பார்த்தால், தாக்குதலை ஆதரிப்பவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஏன் வெற்றி பெற்றது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே கட்டடம், தரைக்கு மேல். உலை இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. தொழில்நுட்பம் சிரியாவுடையது அல்ல, கடன் வாங்கியது. ஆகவே உடைந்ததைத் திரும்பக் கட்டத் தெரிந்த உள்நாட்டு விஞ்ஞானிப் படை இல்லை. இவற்றைவிட நுட்பமானது அடுத்தது: இஸ்ரேல் 2018 மார்ச் வரை இதைத் தன் செயல் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்த மௌனம் அப்போதைய சிரிய அதிபர் அசாதுக்கு ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று நடிக்க இடம் கொடுத்தது. பதிலடி கொடுத்தே தீர வேண்டிய அவமானம் பொதுவெளியில் ஏற்படவில்லை.

2025 ஜூன் ஈரானில் இந்த நிபந்தனைகளில் ஒன்றுகூட இல்லை. ஜூன் 22 அன்று அமெரிக்காவின் ஏழு பி-2 விமானங்கள் 14 ஜிபியு-57 குண்டுகளைப் போட்டன. ஃபோர்தோவில் 12, நதான்ஸில் 2. ஒவ்வொன்றும் சுமார் 13,600 கிலோ எடை. இஸ்ஃபஹான் மேல் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து டோமஹாக் ஏவுகணைகள் பாய்ந்தன. ஃபோர்தோவின் கூடம் மலைக்கடியில் சுமார் 80 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. இந்தக் குண்டு துளைக்கும் ஆழம் சுமார் 60 மீட்டர் என்று சொல்லப்படுகிறது. காற்றுக்குழாய்த் துளைகளைக் குறிவைத்து, ஒன்றன்பின் ஒன்றாக அதே இடத்தில் போட்டதற்கு இதுவே காரணம். மையவிலக்குகள் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழல்பவை, அதிர்வைத் தாங்காதவை. கூரை இடியாவிட்டாலும் அதிர்ச்சியிலேயே அவை கெட்டிருக்கும் என்று முகமையின் தலைவர் ரஃபேல் குரோஸி கருதினார். அது நியாயமான மதிப்பீடு.

தாக்குதலின் உண்மையான ஆதாயம் ஃபோர்தோவைவிட இஸ்ஃபஹானில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. செறிவூட்டிய யுரேனியம் ஹெக்சாஃப்ளூரைடு என்ற சேர்மமாக உருளைகளில் இருக்கும். அதை உலோகமாக மாற்றாமல் குண்டு செய்ய முடியாது. அந்த மாற்று ஆலை இஸ்ஃபஹானில் சிதைந்தது. திட்டத்தின் இடுக்கான கழுத்து அது. மையவிலக்குக் கூடத்துக்கு மாற்று இடம் தேடுவதைவிட இதைத் திரும்பக் கட்டுவது சிரமம்.

இனி எது பிசகியது என்று பார்ப்போம். குண்டு விழுவதற்கு முன்பே, ஜூன் 19 அன்று, ஃபோர்தோ வாசலில் லாரிகள் வரிசையாக நிற்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. இஸ்ஃபஹான் சுரங்க வாசல்கள் மண்ணால் மூடப்பட்டன. 60 சதவீத யுரேனியம் நிரப்பிய உருளைகள் ஆழ்கடல் நீச்சல்காரர் முதுகில் மாட்டும் காற்றுத்தொட்டி அளவுதான். ஒரு சில வாகனங்களில் மொத்தத்தையும் ஏற்றிவிடலாம். இவ்வளவு சிறியதை விமானத்திலிருந்து அழிப்பதென்றால் அது இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துவைத்திருந்த ஒரே அமைப்பு முகமை. தாக்குதல் தொடங்கியதும் அதன் ஆய்வு நின்றது. ஜூலை 2 அன்று முகமையுடனான ஒத்துழைப்பை நிறுத்தும் சட்டம் ஈரானில் அமலுக்கு வந்தது.

சேத மதிப்பீடும் மூன்று விதமாக வந்தது. டிரம்ப் முற்றாக அழித்துவிட்டோம் என்றார். அமெரிக்கப் பாதுகாப்பு உளவு முகமையின் முதல் மதிப்பீடு சில மாதப் பின்னடைவு என்றது. ஜூலையில் பென்டகன் சொன்ன எண் ஒன்று முதல் இரண்டு ஆண்டு. அந்தக் கடைசி எண்ணையே ஏற்றுக்கொண்டாலும், இரண்டு ஆண்டு கழித்து என்ன செய்வது என்ற கேள்வி நிற்கிறது. நதான்ஸுக்குத் தெற்கே இன்னும் ஆழமான மலைச் சுரங்கம் ஒன்று பல ஆண்டுகளாகத் தோண்டப்பட்டுவருகிறது. ஒருமுறை தாக்கினால் போதாது. ஒவ்வொரு முறையும் இலக்கு இன்னும் ஆழத்துக்குப் போகும், உளவுக்குக் கிடைக்கும் தகவல் இன்னும் குறையும்.

பன்னிரண்டு நாளில் ஈரானில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரும் இஸ்ரேலில் சுமார் முப்பது பேரும் இறந்தார்கள். கத்தாரில் அமெரிக்கப் படை இருக்கும் அல்-உதெய்த் தளத்தின் மீது ஈரானின் ஏவுகணை பாய்ந்தது. மஸ்கட்டில் ஜூன் 15 அன்று நடக்கவிருந்த அமெரிக்க-ஈரான் பேச்சுவார்த்தையின் ஆறாவது சுற்று நடக்கவே இல்லை. ராணுவ வழியின் செலவுப் பட்டியலில் இந்தக் கடைசி வரியைப் பலரும் எழுதுவதில்லை.

கதிரியக்கம் பற்றி ஒரு வார்த்தை. செறிவூட்டல் கூடத்தைத் தாக்குவதும் இயங்கும் மின் உலையைத் தாக்குவதும் ஒன்றல்ல. ஹெக்சாஃப்ளூரைடு காற்றின் ஈரத்தோடு கலந்தால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் உருவாகும்; அருகில் இருப்பவர்களின் நுரையீரலைப் பொசுக்கும் வேதிநச்சு அது. ஆனால் வளாகத்தைத் தாண்டி வெகுதூரம் பரவாது. ஜூன் தாக்குதல்களுக்குப் பின் வளாகங்களுக்கு வெளியே கதிரியக்கம் உயரவில்லை என்று முகமை அறிவித்தது. ஈரானின் புஷேர் மின் உலை வேறு வகை. அது பாரசீக வளைகுடாக் கரையில் இருக்கிறது. குவைத்தும் கத்தாரும் எமிரேட்ஸும் அதே கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் குடிக்கின்றன, அங்கே வேலை பார்க்கும் நம்மவர்கள் உட்பட. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றன் அணுநிலையங்களை மற்றது தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று கையெழுத்திட்டு, 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. எவ்வளவு கசப்பு இருந்தாலும் அந்தப் பரிமாற்றம் நடக்கிறது. வளைகுடாவில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை.

ஒப்பந்தத்தின் பதிவு

இதுவும் வெள்ளைத்தாள் அல்ல. வட கொரியாவிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் ஒப்பந்தத்தைக் கேலி செய்பவர்கள் முதலில் நீட்டுவது அதைத்தான்.

1994இல் யோங்பியோன் உலையைத் தாக்க கிளின்டன் அரசு திட்டம் தீட்டியது. தாக்குவது எளிது. அடுத்து வருவதுதான் தடுத்தது: சியோல் எல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில், வட கொரியப் பீரங்கிகளின் எட்டும் தொலைவில் இருக்கிறது. போர் மூண்டால் முதல் 90 நாளில் அமெரிக்கப் படையில் 52,000 பேரும் தென் கொரியப் படையில் 4,90,000 பேரும் சாவார்கள் அல்லது காயமடைவார்கள் என்று தளபதிகள் அதிபரிடம் சொன்னார்கள். ஜூனில் ஜிம்மி கார்ட்டர் பியோங்யாங் போனார். அக்டோபர் 21 அன்று ஜெனீவாவில் ஒப்பந்தச் சட்டகம் கையெழுத்தானது.

அதன் உள்ளடக்கம் எளிமையானது. இயங்கும் 5 மெகாவாட் உலையும், கட்டப்படும் 50, 200 மெகாவாட் உலைகளும், புளுட்டோனியத்தைப் பிரிக்கும் மறுபதப்படுத்தும் ஆலையும் நிறுத்தப்படும். எடுத்துவைத்த சுமார் 8,000 எரிபொருள் தண்டுகள் கலன்களில் அடைத்து முத்திரையிடப்படும். பதிலுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் டன் கன எரிஎண்ணெய், மொத்தம் சுமார் 2,000 மெகாவாட் திறனில், குண்டுக்குப் பயன்படுத்தக் கடினமான இரண்டு இலகுநீர் உலைகள், உறவைச் சீராக்குதல். ஆய்வாளர்கள் யோங்பியோனிலேயே தங்கினார்கள். எட்டு ஆண்டுகள் ஒரு கிராம் புளுட்டோனியம்கூட அங்கே பிரிக்கப்படவில்லை.

முறிந்ததற்கு இரு தரப்பும் காரணம். வட கொரியா பாகிஸ்தானிய அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கானின் வலைப்பின்னலிடமிருந்து மையவிலக்குத் தொழில்நுட்பத்தை ரகசியமாகப் பெற்றது. அமெரிக்காவில் ஒப்பந்தம் கையெழுத்தான சில வாரங்களிலேயே நாடாளுமன்றம் எதிர்க்கட்சியின் கைக்குப் போனது. எண்ணெய்க்கான பணம் ஒவ்வோர் ஆண்டும் இழுபறியானது, கப்பல்கள் தாமதமாகப் போயின. 2003க்குள் முடிப்பதாக இலக்கு வைத்த உலைக்கு முதல் கான்கிரீட் ஊற்றப்பட்டதே 2002 ஆகஸ்டில். 2002 அக்டோபரில் ரகசியச் செறிவூட்டல் பற்றி வாஷிங்டன் குற்றம் சாட்டியது, எண்ணெய் நின்றது, டிசம்பர் கடைசியில் ஆய்வாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2003 ஜனவரியில் வட கொரியா பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகியது. முத்திரையிட்ட 8,000 தண்டுகளும் நாட்டுக்குள்ளேயே இருந்தன. கலனைத் திறந்து ஐந்தாறு குண்டுக்கான புளுட்டோனியத்தைப் பிரித்தார்கள். 2006 அக்டோபர் 9 அன்று முதல் சோதனை.

இதிலிருந்து ‘ஒப்பந்தம் ஏமாற்று’ என்ற பாடத்தைப் படிப்பது அவசரம். ஏமாற்றியது நிஜம். ஆனாலும் செறிவூட்டல் முயற்சி அப்போது குண்டு தரும் நிலையில் இல்லை. 2002இல் மோசடியைத் தண்டிக்க ஒப்பந்தத்தையே உடைத்ததால், அடைபட்டிருந்த புளுட்டோனியம் திறந்துவிடப்பட்டது. தாமதமாக வரக்கூடிய ஆபத்துக்காக உடனடி ஆபத்தை வாங்கிக்கொண்டார்கள். தண்டுகளைக் கலனில் அடைத்ததோடு நிற்காமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோயிருந்தால் 2003 வேறுமாதிரி இருந்திருக்கும். அந்தக் கப்பலேற்றத்தை இலகுநீர் உலைக் கட்டுமானத்தோடு பிணைத்துப் பிற்காலத்துக்குத் தள்ளியது பேச்சுவார்த்தையாளர்களின் பிழை.

2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் முடிவான ஈரான் ஒப்பந்தம் இந்தப் பிழையில் பாதியைத் திருத்தியது. சுமார் 19,000 மையவிலக்குகள் 6,104 ஆகக் குறைந்தன. செறிவூட்டலுக்கு 5,060 பழைய ஐஆர்-1 இயந்திரங்கள் மட்டும். உச்சவரம்பு 3.67 சதவீதம், இருப்பு 300 கிலோ, இரண்டும் 15 ஆண்டுக்கு. ஃபோர்தோவில் செறிவூட்டல் கிடையாது. புளுட்டோனியம் தரக்கூடிய அராக் கனநீர் உலையின் உள்கலம் எடுக்கப்பட்டு கான்கிரீட்டால் நிரப்பப்பட்டது. முக்கியமானது: சுமார் 11 டன் செறிவூட்டிய யுரேனியம் 2015 டிசம்பரில் கப்பலேறி ரஷ்யாவுக்குப் போனது. குண்டுக்கான பொருளைச் சேர்க்க ஆகும் காலம் இரண்டு மூன்று மாதத்திலிருந்து ஓராண்டுக்கு நீண்டது.

கண்காணிப்பு இதுவரை எந்த நாடும் ஏற்காத அளவு இறுக்கம். செறிவூட்டும் அளவை நொடிக்கு நொடி அளக்கும் கருவி, மின்னணு முத்திரை, மையவிலக்கின் சுழலும் உருளையைச் செய்யும் பட்டறைகளில் 20 ஆண்டுக்கு மேற்பார்வை, சுரங்கத்திலிருந்து வரும் யுரேனியத் தாதுச்செறிவின் மீது 25 ஆண்டுக் கண்காணிப்பு. சந்தேகப்பட்ட இடத்துக்குள் நுழைய விவாதம் எழுந்தால் அதிகபட்சம் 24 நாளில் முடிவு. அந்த 24 நாளைக் கேலி செய்தார்கள். யுரேனியத் துகள் 24 நாளில் துடைத்துப் போகக்கூடியது அல்ல. தரைமட்டமாக்கப்பட்ட அல்-கிபாரில் பல மாதம் கழித்துப் போன ஆய்வாளர்களுக்கும் துகள் கிடைத்தது.

(கண்காணிப்பு இருப்பதும் இல்லாததும் எப்படி அருகருகே நிற்கும் என்பதற்கு நம் கடற்கரையே உதாரணம்: கூடங்குளம் உலைகள் முகமையின் பார்வைக்குள், கல்பாக்கத்தின் அதிவேக ஈனுலை அதற்கு வெளியே. 2006இல் இந்தியா தானே பேசி முடிவுசெய்த பிரிப்பு அது.)

ஒப்பந்தம் எங்கே உடைந்தது? தெஹ்ரானில் அல்ல, வாஷிங்டனில். செனட் ஒப்புதலுக்குத் தேவையான 67 வாக்குகள் இல்லை என்று தெரிந்ததால் ஒபாமா இதை உடன்படிக்கையாகக் கொண்டுபோகவில்லை. அமெரிக்கத் தடைகளை நிறுத்திவைக்கும் உத்தரவில் அதிபர் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் கையெழுத்திட வேண்டிய அமைப்பு. 2018 மே 8 அன்று டிரம்ப் கையெழுத்திட மறுத்தார். ஈரான் ஓராண்டு காத்திருந்து, 2019 ஜூலை முதல் வரம்புகளை ஒவ்வொன்றாகத் தாண்டியது. 2021 பிப்ரவரியில், முகமைக்குக் கூடுதல் ஆய்வு உரிமை தரும் கூடுதல் நெறிமுறையை நிறுத்தியது, ஏப்ரலில் 60 சதவீதத்தைத் தொட்டது, 2022 ஜூனில் முகமையின் 27 கேமராக்களைக் கழற்றியது. அவ்வளவு வேகமாகத் திரும்ப முடிந்ததற்கு ஒப்பந்தத்தின் உள்ளேயே ஒரு காரணம் உண்டு: மிகுதியான மையவிலக்குகள் உடைக்கப்படவில்லை, நதான்ஸிலேயே முத்திரையிட்டு அடுக்கப்பட்டன. வட கொரியத் தண்டுகளின் கதை மீண்டும்.

நடுவில் இருக்கும் வழிகள்

நாசவேலையும் பொருளாதாரத் தடையும் தனி வழிகளா, துணைக்கருவிகளா என்றால் துணைக்கருவிகள்தான். 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் கணினி நிரல் நதான்ஸில் சுமார் 1,000 மையவிலக்குகளைக் கெடுத்ததாக மதிப்பிடப்படுகிறது. ஈரான் மாற்றுகளைப் பொருத்திவிட்டது. ஆள் யாரும் சாகாமல் சில மாதம் வாங்கியது என்ற அளவில் செலவு குறைவு.

தடைகள் 2012-13இல் ஈரானின் எண்ணெய் ஏற்றுமதியைப் பாதிக்கும் கீழே தள்ளின. அதுதான் ஈரானை வியன்னாவுக்குக் கொண்டுவந்தது என்பதை மறுக்க முடியாது. அதே தடைகள் 2018க்குப் பிறகு அதைவிடக் கடுமையாக வந்தபோது சரக்கு குறையவில்லை, கூடியது. வேறுபாடு எங்கே? முதல் முறை தடையை விலக்கும் வழி தெளிவாகச் சொல்லப்பட்டது, ஐரோப்பாவும் ரஷ்யாவும் சீனாவும் ஒரே பக்கம் நின்றன. இரண்டாம் முறை வெளியேறும் கதவு எங்கே என்று ஈரானுக்கே தெரியவில்லை. தடைக்கு மூன்றாம் நாடுகளும் விலை கொடுக்கின்றன; ஈரானிய அரசு நிறுவனத்துக்கு 15 சதவீதம் பங்கு உள்ள மணலி சுத்திகரிப்பு ஆலைக்கும் 2019 மே மாதத்தோடு ஈரானியக் கச்சா எண்ணெய் நின்றது.

அப்படியானால் எப்போது எது?

ஒரு தாக்குதலின் பலன் நிலைக்க எங்கள் கணக்கில் ஐந்தும் சேர்ந்து இருக்க வேண்டும். இலக்கு ஒன்றிரண்டு, தரைக்கு மேல். அணுப்பொருள் இன்னும் சேரவில்லை. தொழில்நுட்பம் உள்நாட்டில் வேரூன்றவில்லை. எதிரிக்குப் பெரிய பதிலடித் திறன் இல்லை, அல்லது மௌனமாக விழுங்க வழி இருக்கிறது. ஏற்கெனவே இயங்கும் ஆய்வு எதுவும் தாக்குதலால் அறுபடவில்லை. அல்-கிபாரில் ஐந்தும் இருந்தன. யோங்பியோனில் நான்காவது மட்டுமல்ல, இரண்டாவதும் இல்லை. ஒசிராக்கில் இரண்டாவதும் ஐந்தாவதும் இல்லை. ஈரானில் ஐந்தில் ஒன்றுமே இல்லை.

ஒப்பந்தத்துக்கும் நிபந்தனைகள் உண்டு. எதிர்த்தரப்புக்கு வேண்டியது ஏதோ நம் கையில் இருக்க வேண்டும். தென் கொரியாவையும் தைவானையும் 1970களில் அமெரிக்கா மடக்கியது அவற்றின் பாதுகாப்பே அமெரிக்கப் படையை நம்பியிருந்ததால். பிரேசிலும் அர்ஜென்டினாவும் 1991இல் ஒன்றையொன்று ஆய்வு செய்யும் கூட்டு முகமை அமைத்தது, ராணுவ ஆட்சி போய் இருவருக்கும் ஒரே தேவை வந்ததால். லிபியா 2003 டிசம்பரில் மையவிலக்குகளை மூட்டை கட்டிக் கொடுத்தது. 2011இல் அதன் தலைவர் கடாஃபி கவிழ்க்கப்பட்டுக் கொல்லப்பட்டதைப் பார்த்தபின், ‘கொடுத்துவிடு, காப்பாற்றுகிறோம்’ என்ற வாக்கின் மதிப்பு சரிந்தது. அந்தச் சரிவை இன்று பேச உட்காரும் எந்த அமெரிக்கத் தூதரும் சுமந்துகொண்டுதான் உட்கார வேண்டும்.

மிரட்டல் இல்லாமல் பேச்சு நகராது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் மிரட்டல் பயன்படுவது அது நிறைவேறாமல் இருக்கும் வரைதான். 13,600 கிலோ குண்டு கையிருப்பில் இருந்தவரை ஃபோர்தோவைக் காட்டிப் பேரம் பேச அதற்கு மதிப்பு இருந்தது. அது விழுந்த பிறகு, எவ்வளவு சேதம் செய்யும் என்று ஈரான் அளந்து தெரிந்துகொண்டது. எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்பதையும்.

எங்கள் முடிவு ஈரான் விஷயத்தில் ஒப்பந்தம்தான். காரணம் நல்லெண்ணம் அல்ல. 2016 முதல் 2019 வரை ஈரான் அறிவித்த ஒவ்வொரு கிராமும் கணக்கில் இருந்தது. 2025 ஜூனுக்குப் பிறகு 440 கிலோ கணக்கில் இல்லை. 2025 செப்டம்பர் 9 அன்று கெய்ரோவில் குரோஸியும் ஈரானிய வெளியுறவு அமைச்சர் அராக்சியும் ஆய்வுகளைத் திரும்பத் தொடங்க ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அதே மாத இறுதியில், ஒப்பந்தம் மீறப்பட்டால் தடைகளை மீட்கும் 2015 பொறிமுறையை ஐரோப்பிய நாடுகள் தூண்டிவிட்டதால் ஐ.நா. தடைகள் திரும்பின, கெய்ரோ ஏற்பாடு காகிதத்திலேயே தள்ளாடியது.

அடுத்த ஒப்பந்தத்தில் என்ன வேண்டும்?

வரிசை முக்கியம். முதல் வேலை எண்ணுவது: உருளைகளின் எண், எடை, செறிவு. இடிபாட்டுக்குள் சிக்கியவை இருந்தால் தோண்டும்போது ஆய்வாளர் உடன் நிற்க வேண்டும், ஏனென்றால் தோண்டும் நாட்கள்தான் சரக்கு காணாமல் போக வசதியானவை. அடுத்து, 60 சதவீதத்தை இயற்கை யுரேனியத்தோடு கலந்து நீர்க்கச் செய்வது அல்லது வெளிநாட்டுக்கு ஏற்றுவது. முத்திரையிட்டு உள்ளேயே வைப்பது போதாது என்று 1994உம் 2015உம் காட்டிவிட்டன. மூன்றாவது, மிகுதி மையவிலக்குகளைச் சேமிக்காமல் நொறுக்குவது. நான்காவது, கேமராப் பதிவும் உருளைப் பட்டறைக் கண்காணிப்பும் தடைகள் பற்றிய தகராறிலிருந்து தனியே நிற்க வேண்டும்; யார் ஒப்பந்தத்தை மீறினாலும் கேமரா ஓடும் என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொள்வது. இது கடினம், ஏனென்றால் ஈரானின் கையில் இருக்கும் சில சீட்டுகளில் கேமராவும் ஒன்று.

மிகக் கடினமானது ஈரானிடம் கேட்பது அல்ல. தடை நீக்கத்தை அடுத்த அமெரிக்க அதிபர் எளிதில் ரத்துசெய்ய முடியாதபடி செனட் ஏற்கும் உடன்படிக்கையாக்க வேண்டும். அதற்கு செனட்டில் 67 வாக்குகள் வேண்டும். 2015இல் அவை இல்லை. அதற்கு மாற்றாக, தடை நீங்கியதும் ஈரானுக்கு முன்பணமாகவே கிடைக்கும் ஏதாவது ஒன்றை, உறைந்துள்ள எண்ணெய்ப் பணத்தின் ஒரு பகுதியை, உருளைகள் கப்பலேறும் அதே நாளில் விடுவிப்பது பற்றிப் பேசலாம்: இத்தனை கிலோவுக்கு இத்தனை பணம் என்று தவணை தவணையாக. எந்தத் தவணையில் முறிந்தாலும், அதுவரை ஏறிய கிலோ திரும்பி வராது.